எட்டாம் வேற்றுமை

சென்ற வாரம் என் ஆய்வேட்டின் முன்சமர்ப்பிப்புக் கருத்தரங்கு நிறைவுற்றது. வாழ்த்தியவர்கள் அனைவருக்கும் நன்றி. அன்று மாலை தேநீர்க் கடையில் முதலாண்டு ஆய்வு மாணவி ஒருவர் தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார்: "அக்கா, உங்களுக்குக் காது சரியாகக் கேட்காது என்று சொன்னார்கள். பிறகு எப்படி ஒலியியலில் ஆய்வு செய்து முடித்தீர்கள்?" நான் ஒரு மென்பொருளின் பெயரைச் சொல்லிச் சிரித்து மழுப்பிவிட்டேன். சென்ற மாதந்தான் காசநோய் மாத்திரைகளைத் தொடங்கியிருப்பதாக அவர் விடைபெறும்போது சொன்னார். அவர் கேட்டது மென்பொருளைப் பற்றி இல்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவருடைய அனுமதியோடு, பெயரைத் தவிர்த்து, அவருக்குத் தரத் தவறிய விடையை இங்கே எழுதுகிறேன். பதிவு நீளமானது. என் கிறிஸ்தவ நம்பிக்கையைத் தவிர்த்து இதை எழுத இயலாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்தவள். அப்பா இரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. நான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது இறந்துபோனார். அம்மா முந்திரி ஆலையில் தோலுரிக்கும் வேலை செய்து என்னையும் தம்பியையும் படிக்கவைத்தார். எங்கள் ஊரில் அந்த ஆலைக்கு 'அண்டியாபீஸ்' என்று பெயர். முந்திரித் தோட்டின் பால் பட்டுக் கறுத்த விரல்களோடுதான் அவர் ஞாயிறு ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவார். மொழியியலில் முதுகலை முடித்து, 2018 ஜூலையில் முனைவர் பட்ட ஆய்வுக்காகப் புனே வந்தேன். எங்கள் குடும்பத்தில் இவ்வளவு தொலைவு வந்த முதல் ஆள் நான்தான்.

மராத்தியின் ஒலியமைப்பில் ஒரு சிறு பகுதியை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். அம்மொழியில் 'ச' வரிசைக்கான எழுத்து ஒன்றே. அதற்கு ஒலி இரண்டு. நான்கு என்னும் எண்ணைக் குறிக்கும் 'சார்' என்ற சொல்லின் முதலொலி அண்ணத்தில் பிறக்கிறது. திருடனைக் குறிக்கும் 'த்ஸோர்' என்ற சொல்லின் முதலொலி பல்லருகே பிறக்கிறது. எழுதும்போது இரண்டுக்கும் ஒரே எழுத்து. வேறுபாட்டைக் கண்டுகொள்ளக் காது ஒன்றுதான் வழி. என் காது நல்ல காது. சிறுவயதில் ஊர்க் கோயிலின் பாடகர் குழுவில் யார் சுருதி விலகினாலும் முதலில் திரும்பிப் பார்ப்பவள் நான்.

அவ்வாண்டு டிசம்பரில் இருமல் நிற்கவில்லை. எடை ஏழு கிலோ குறைந்தது. சளியைச் சோதித்தார்கள். இரண்டே மணி நேரத்தில் முடிவு சொல்லும் சிபிநாட் என்னும் சோதனை அது. காசநோய் என்றும், ரிஃபாம்பிசின் என்னும் முதன்மை மருந்துக்கு அடங்காத வகை என்றும் அறிக்கை வந்தது. அக்காலத்தில் அதற்குக் கொடுக்கப்பட்ட சிகிச்சையில் நாள்தோறும் கையளவு மாத்திரைகளும் கானமைசின் ஊசியும் அடக்கம். ஊசி ஆறு மாதம் வரை, மாத்திரைகள் பதினொரு மாதம் வரை. எத்தியோனமைடை விழுங்கிய அரைமணியில் வயிறு புரளும். குளோஃபாசிமின் என் தோலைச் செங்கறுப்பாக்கியது. விடுதியில் இருக்க வேண்டாம் என்று சொன்னார்கள். பழைய நகரத்தில், கசபா பேட்டையில், மூன்றாம் மாடியில் ஓர் அறை கிடைத்தது. உதவித்தொகை நான்கு மாதம் வரவில்லை. நோயாளிகளின் ஊட்டத்துக்காக அரசு வழங்கிய மாதம் 500 ரூபாயும் அம்மா அனுப்பியதும் கொண்டு நாள்கள் நகர்ந்தன.

நாகர்கோவிலிலிருந்து புனே வழியாக மும்பை செல்லும் இரயிலில் அம்மா வந்தார். இருபது நாள் இருந்தார். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலியில்லை, தம்பியின் கல்லூரிக் கட்டணம் காத்திருந்தது. ஆகவே திரும்பிப் போனார். பிறகு நாளும் இரவு எட்டு மணிக்குத் தொலைபேசியில் ஒரே கேள்வி: "மக்களே, சாப்பிட்டியா?" எங்கள் பக்கத்தில் ஒற்றைப் பிள்ளையையும் 'மக்களே' என்றுதான் அழைப்போம். பன்மை விகுதி ஏன் வந்தது என்று வகுப்பில் நான் கட்டுரை எழுதியதுண்டு. நோயில் கிடந்தபோதுதான் அச்சொல்லின் பொருளைவிட அதன் வேற்றுமை முக்கியம் என்று உணர்ந்தேன்.

மூன்றாம் மாதத்தில் காதுக்குள் இடைவிடாத ஓர் இரைச்சல் தொடங்கியது. சிகிச்சை பெற்ற இடத்தில் சொன்னேன். சோர்வாக இருக்கும் என்றார்கள். ஊசி தொடங்குவதற்கு முன்னும் இடையிலும் செவித்திறனைச் சோதிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது, சோதிக்கவும் இல்லை. ஒருநாள் பழைய பதிவுகளைத் திறந்து ஒலிபெயர்க்க உட்கார்ந்தேன். 'சார்' என்றும் 'த்ஸோர்' என்றும் எனக்கு நன்கு தெரிந்த குரல் சொல்கிறது. இரண்டின் முதலொலியும் எனக்கு ஒன்றாகவே கேட்டன. கருவி பழுது என்று எண்ணி வேறொரு செவிப்பொறியை மாட்டிக் கேட்டேன். அப்படியேதான் இருந்தது.

வேறொரு மருத்துவமனையில் செவித்திறன் வரைபடம் எடுத்தேன். 1000 ஹெர்ட்ஸ் வரை கோடு இயல்பாகச் சென்றது. அதன்பின் மலைச்சரிவுபோல் இறங்கியது. 4000 ஹெர்ட்ஸில் 55 டெசிபல், 8000 ஹெர்ட்ஸில் 75 டெசிபல் இழப்பு. கானமைசின் வகை மருந்துகள் உட்செவியின் நத்தை எலும்பிலுள்ள மயிர்ச்செல்களை அழிக்கின்றன. உயர் அதிர்வெண்களை உணரும் அடிச்சுருளில் அழிவு தொடங்குகிறது. மனிதருக்கு அச்செல்கள் மீண்டும் முளைப்பதில்லை. உரசொலிகளின் ஆற்றல் பெரும்பாலும் அந்த உயர் அதிர்வெண்களில்தான் இருக்கிறது. நான் ஆராய வந்த ஒலிகள் எவையோ, சரியாக அவற்றையே மருந்து எடுத்துக்கொண்டிருந்தது. அதே 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் இச்சிகிச்சையிலிருந்து கானமைசினை விலக்கச் சொன்னது. ஓராண்டு பிந்தி நோயுற்றிருந்தால் என் காது தப்பியிருக்கக்கூடும். இந்தக் கணக்கை நான் எத்தனை இரவு போட்டுப் பார்த்தேன் என்பதற்கு எண்ணிக்கை இல்லை.

இந்த இடத்தில் "ஆனாலும் நான் விசுவாசத்தில் தளரவில்லை" என்று எழுதினால் பொய்யாகும். நான் ஜெபிப்பதை நிறுத்திவிட்டேன். நன்றி சொல்ல வாய் வரவில்லை. வேண்டிக்கொள்ளவும் எதுவும் மிஞ்சவில்லை என்று தோன்றியது. அந்நாள்களில் தெரிந்தவர் ஒருவர் அறைக்கு வந்து என் காதுகளில் கைவைத்து ஜெபித்தார். முழு விசுவாசம் இருந்தால் கேட்கும் என்றார். மறைவான பாவம் ஏதும் உண்டோ என்று ஆராய்ந்து பார்க்கவும் சொன்னார். அவர் நல்லெண்ணத்தோடுதான் வந்தார். அவர் போனபின் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் அழுதேன்.

அன்றிரவு சினத்தோடு யோபுவின் புத்தகத்தை எடுத்தேன். நோயாளியிடம் பாவக்கணக்குக் கேட்ட நண்பர்களுக்கு என்ன நேர்ந்தது என்று பார்க்கவேண்டும் என்பதே நோக்கம். இறுதி அதிகாரத்தில் கடவுள் அந்நண்பர்களைக் கடிந்துகொள்கிறார்; யோபு பேசியதுபோல் அவர்கள் சரியாகப் பேசவில்லை என்கிறார். பெரும்பாலான மொழிபெயர்ப்புகளில் 'என்னைப் பற்றி' அவர்கள் சரியாகப் பேசவில்லை என்று இருக்கும். எபிரேய மூலத்தில் அவ்விடத்தில் நிற்பது 'ஏலாய்' என்னும் சொல். அதன் வழக்கமான பொருள் 'என்னிடம்', 'என்னை நோக்கி' என்பது. உருபுகளைப் பிரித்துப் பழகிய கண் அங்கே நின்றுவிட்டது. அந்த நீண்ட நூல் முழுவதும் நண்பர்கள் கடவுளைப் பற்றி அழகாகப் பேசுகிறார்கள். ஒருமுறைகூட அவரிடம் பேசவில்லை. யோபு முறையிடுகிறான், வழக்காடுகிறான், பிறந்த நாளைச் சபிக்கிறான். ஆனால் பேச்சைத் திரும்பத் திரும்பக் கடவுளின் பக்கமே திருப்புகிறான். இந்த வாசிப்பை முன்வைத்த அறிஞர்கள் எனக்கு முன்னரே உண்டு. எனக்கு அது அன்று ஒரு கதவாயிற்று.

தமிழிலக்கணம் படித்தவர்கள் விளிவேற்றுமையை அறிவார்கள். தொல்காப்பியம் வேற்றுமை ஏழு என்று சொல்லி, விளியையும் சேர்த்தால் எட்டு என்கிறது. விளிக்கென்று தனி இயலே வகுத்திருக்கிறது. ஐ, ஒடு, கு என்னும் உருபுகள் பெயரை வினையோடு பிணைக்கின்றன. விளிப்பெயர் வாக்கியத்துக்கு வெளியே நிற்கிறது. அது எதையும் விளக்காது. எதிரே ஒருவர் இருக்கிறார், அவர் செவிகொடுப்பார் என்ற எண்ணம் மட்டும் அதற்குப் போதும். நான் அதுவரை என் நம்பிக்கையை விளக்கமாக எண்ணியிருந்தேன். ஏன் எனக்கு, ஏன் இந்த ஒலிகள், ஏன் ஓராண்டு முன்பு? விளக்கம் கிடைக்காததால் நம்பிக்கை முறிந்துவிட்டது என்று நினைத்தேன். அன்றிரவு முதல் என் ஜெபத்திலிருந்து வாக்கியங்களை எடுத்துவிட்டேன். "ஆண்டவரே" என்ற விளியை மட்டும் வைத்துக்கொண்டேன். சில நாள் சினத்தோடு, சில நாள் வெறுமையோடு. அதற்குமேல் ஒரு சொல்லும் வராத நாள்கள் பல.

அப்படி ஜெபிப்பதற்கு வேதாகமத்திலேயே இடமிருக்கிறது என்பதைப் பிறகு கண்டேன். 88ஆம் சங்கீதம் ஒரு நோயாளியின் முறையீடு. பிற புலம்பல்களில் பெரும்பாலானவை முடிவில் நம்பிக்கைக்குத் திரும்பும். இது திரும்புவதில்லை. எபிரேயத்தில் அதன் கடைசிச் சொல் இருளைக் குறிப்பது. ஆனால் தொடக்கம் கடவுளை விளித்தலே. இருளில் முடிந்த ஒரு பாட்டை வெட்டி எறியாமல் தொகுப்பில் வைத்துப் பாதுகாத்த பழைய சமூகத்துக்கு நான் நன்றியுடையவள். என் வெறுமையும் ஜெபத்தின் எல்லைக்குள்ளேயே இருந்தது என்று அது எனக்குச் சொன்னது.

வலிமை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இன்னொரு விடையும் சொல்லவேண்டும். கீழ்த்தளத்தில் ஒரு மூதாட்டி இருந்தார். 'மாவ்ஷி' என்று அழைப்பேன். மராத்தியில் தாயின் உடன்பிறந்தவள் என்று பொருள். ஆண்டுதோறும் பண்டரிபுரத்துக்கு நடந்து செல்லும் வார்க்கரி மரபைச் சேர்ந்தவர். மூட்டுவலியோடு மூன்று மாடி ஏறி, சோளப் பாக்ரியும் பருப்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பாளா, ஊட்" என்பார். 'பாள்' என்றால் குழந்தை. 'பாளா' அதன் விளி. 'ஊட்' என்றால் எழுந்திரு. அந்த ளகரம் நம் ளகரமேதான். கேட்கும் அதிர்வெண்ணில் இருந்ததால் அது எனக்குத் தெளிவாகக் கேட்டது. படியிறங்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு "விட்டலா, விட்டலா" என்று தம் தெய்வத்தை அழைத்துக்கொண்டே இறங்குவார். அதுவும் விளிதான். எலியா சாக விரும்பிப் பாலைவனத்தில் ஒரு செடியின் கீழ்ப் படுத்த கதை நினைவுக்கு வரும். வந்த தூதன் அவனுக்கு உபதேசம் செய்யவில்லை. எழுந்து சாப்பிடச் சொன்னான். உறங்கவிட்டு, மீண்டும் ஒருமுறை சாப்பிடச் சொன்னான். என்னிடம் வந்த தூதர் மராத்தி பேசினார், வேறு தெய்வத்தைத் தொழுதார். இதை என் நம்பிக்கைக்குள் எங்கே வைப்பது என்று நான் இறையியலாக எழுதத் துணியமாட்டேன். நன்றியோடு சாப்பிட்டேன்.

2019 நவம்பரில் நோய் நீங்கியதாக அறிவித்தார்கள். செவித்திறன் திரும்பவில்லை. தலைப்பை மாற்றிக்கொள்ளலாம் என்று நெறியாளர் பரிவோடு சொன்னார். முடிவெடுக்க முடியாமல் இருந்த நாள்களில் ஒரு காலை, தவுண்டு செல்லும் தடத்தில் இரயிலேறிக் கேட்காவ் போனேன். பண்டிதை ரமாபாயின் முக்தி மிஷன் அங்கேதான் இருக்கிறது. அவருடைய சமூகப் பணி பற்றி நம்மில் பலர் படித்திருப்போம். அவர் காது மந்தமானவர் என்பதை நான் நோயுற்ற பிறகே அறிந்தேன்.

1858இல் பிறந்தவர். 1870களின் பஞ்சத்தில், யாத்திரையாகத் திரிந்துகொண்டிருந்த காலத்தில், தந்தை, தாய், தமக்கை மூவரையும் இழந்தார். 1880இல் அண்ணன் இறந்தார். மணமாகி இரண்டாண்டு நிறையுமுன், 1882இல் கணவரைக் காலரா கொண்டுபோயிற்று. கையில் ஒரு பெண்குழந்தை. மருத்துவம் படிக்கும் விருப்பத்தோடு 1883இல் இங்கிலாந்து சென்றார். காது மந்தம் அவ்வழியை அடைத்தது. அவ்வாண்டே அங்கு ஞானஸ்நானம் பெற்றார். பெற்ற பின்னும் கேள்விகளை அடக்கிக்கொள்ளவில்லை. திருச்சபையின் அதிகாரம் குறித்தும் கோட்பாடுகள் குறித்தும் சகோதரி ஜெரால்டினோடு அவர் வாதிட்ட கடிதங்கள் இன்று அச்சில் கிடைக்கின்றன. பணிந்து போகும் பக்தையின் கடிதங்கள் அல்ல அவை.

என்னைக் கேட்காவுக்கு இழுத்தது அவருடைய கடைசிப் பணி. சமஸ்கிருதப் புலமையால் 'பண்டிதை' பட்டம் பெற்ற அவர், எபிரேயமும் கிரேக்கமும் கற்று, முழு வேதாகமத்தையும் படிப்பறிவு குறைந்த பெண்களுக்கும் விளங்கும் எளிய மராத்தியில் பெயர்த்தார். ஏறத்தாழ கடைசிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அதில் செலவிட்டார். பஞ்சத்தில் காக்கப்பட்டு அங்கே வளர்ந்த பெண்களே அச்சுக் கோத்தார்கள். 1921 ஜூலையில் ஒரே மகள் மனோரமா இறந்தார். தாய் வேலையைத் தொடர்ந்தார். 1922 ஏப்ரல் 5 அன்று மறைந்தார். முழு நூல் 1924இல் வெளிவந்தது. அந்த வாழ்க்கையில் நம்பிக்கை எந்த இழப்பையும் தடுத்ததாகத் தெரியவில்லை. இழப்புக்குப் பின்னும் அவர் மேசைக்குத் திரும்பினார் என்பது தெரிகிறது. கேளாத செவியோடு ஒரு மொழியின் பேச்சுவழக்கை இவ்வளவு நுட்பமாகக் கைக்கொள்ள முடியுமானால், நான் ஏன் தலைப்பை மாற்றவேண்டும் என்று திரும்பும் இரயிலில் என்னையே கேட்டுக்கொண்டேன்.

அன்றுமுதல் ஒலியைக் கண்ணால் கேட்கப் பழகினேன். நிறமாலை வரைபடத்தில் பல்லருகே பிறக்கும் ஒலியின் ஆற்றல் மேலே திரளும். அண்ணவொலியின் ஆற்றல் அதற்குக் கீழே திரளும். பல்லாயிரம் சொற்களை அளந்தேன். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பகுதியை மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட இரு தோழிகள் எனக்குத் தெரியாமல் தனியே கேட்டுக் குறித்துத் தந்தார்கள். என் அளவீடுகளை அவற்றோடு ஒப்பிட்டேன். முன்பு என் காதை மட்டும் நம்பியிருந்தபோது இவ்வளவு கவனமாக நான் வேலை செய்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இதனால் நோய் எனக்கு நன்மை செய்தது என்று யாரும் முடிவு கட்டவேண்டாம். கோயிலில் கீர்த்தனை பாடும்போது சுருதி விலகுவது எனக்கு இப்போது தெரிவதில்லை. அந்த இழப்புக்கு ஈடாக எந்த ஆய்வேட்டையும் நான் ஏற்கமாட்டேன்.

என் அன்புத் தங்கைக்கு: உனக்குத் தரப்படுவது ஆறு மாத மாத்திரைச் சிகிச்சை. அதில் கானமைசின் இல்லை. என் கதை உன்னுடைய கதையாகாது. மாத்திரையை ஒருநாளும் விடாதே. பார்வை மங்கினாலோ, கண் மஞ்சளித்தாலோ, வேறெந்தத் தொல்லை என்றாலோ, யாரேனும் 'சோர்வு' என்று சொல்லிக் கடந்தாலும் விடாமல் மறுபடி கேள். சாப்பாட்டுக்கு என் அறைக்கு வா. நீ எந்தத் தெய்வத்தை வணங்குகிறாய் என்று நான் கேட்கமாட்டேன். எதையும் வணங்காதவளானாலும் அழைப்பதற்கு ஒருவரை வைத்துக்கொள். இரவு இரண்டு மணிக்கு என் எண்ணை அழைக்கலாம். நான் மணியொலியைக் கேட்காமல் போகலாம் என்பதால் தொலைபேசியை அதிரும்படி வைத்திருக்கிறேன்.

எனக்குக் கிடைத்தது என்ன என்பதையும் சொல்லி முடிக்கிறேன். தொலைவில் இருப்பவரை அழைக்கும்போது பெயரின் ஓசை தன் அளவைக் கடந்து நீளும் என்று விளிமரபு சொல்கிறது. அண்மையில் இருப்பவரை அழைக்கும்போது சில பெயர்கள் சிறிதும் திரியாமல் இயல்பாகவே நிற்கும். நோயின் தொடக்கத்தில் நான் கடவுளை நீட்டி நீட்டி அழைத்தேன். வெகுதூரத்தில் இருப்பதாகவே எண்ணினேன். ஊசியின் கடைசி வாரத்தில் ஒரு விடியற்காலை, காதின் இரைச்சலைத் தவிர எதுவும் கேட்காத வேளையில், என் வாயில் தானாக வந்த சொல் 'அப்பா'. இறந்துபோன என் அப்பாவை அழைத்தேனா, கடவுளை அழைத்தேனா என்று எனக்குத் தெரியவில்லை. இயேசு தம் வேதனையின் இரவில் அரமேய மொழியில் அழைத்த சொல்லும் ஏறத்தாழ இதே ஒலியுடையது. உலக மொழிகள் பலவற்றிலும் குழந்தைச் சொற்கள் இப்படி ஒத்திருப்பது இயல்பு. இதில் உறவேதும் காணக்கூடாது என்று என் துறை எனக்குக் கற்பித்திருக்கிறது. கற்பித்தது சரியே. ஆனால் அன்று அச்சொல்லை நான் நீட்டவில்லை. அருகில் இருப்பவரை அழைப்பதுபோல மெதுவாகச் சொல்லிவிட்டு, எழுந்து, அன்றைய மாத்திரைகளை எண்ணி எடுத்தேன்.